பணம் கட்டினோம்... பார்த்துக்கொண்டது யார்?



மோகனூரிலிருந்து எழுதுகிறேன். பெரியவர்களை இல்லத்தில் கொண்டுபோய் விடுவது சரியா, தவறா என்று பட்டிமன்றம் நடத்துவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. விட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தால், எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு விடவேண்டும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாங்கள் கேட்கவில்லை. அதன் பலனை அனுபவித்தவர் என் சித்தி.

சித்திக்கு எழுபத்தெட்டு வயது. சித்தப்பா காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன், பெங்களூரில் வேலை. காவிரிக்கரைப் பக்கம் சொந்த வீடு, கொஞ்சம் கொடிக்கால் என்று தைரியமாகத் தனியாக இருந்தவர், 2023 ஐப்பசி மழையில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. இரண்டு மாதம் நானும் என் மருமகளும் மாறி மாறிப் பார்த்தோம். மருமகள் கர்ப்பமானாள், எனக்கு முட்டி வலி. தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்து, "அக்கா, நல்ல இல்லமா ஒண்ணு பார்த்துச் சேர்த்துடலாம். பணம் நான் அனுப்பிடறேன்" என்றான்.

மோகனூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஓர் இல்லம். பெயர் வேண்டாம். வாசலில் பூச்செடி, உள்ளே சாமி படம், பளபளவென்று டைல்ஸ் தரை. மேனேஜர் மிக மரியாதையாகப் பேசினார். "எல்லாருமே டிரெயினிங் ஆன ஆளுங்கம்மா. நர்ஸ் இருபத்துநாலு மணி நேரமும் இருப்பாங்க. வாரம் ஒருக்கா டாக்டர் வருவார்." அட்வான்ஸ் ஒரு லட்சம், மாதம் பதினெட்டாயிரம். 2024 தை மாதம் சேர்த்தோம். ஒப்பந்தம் என்று எட்டுப் பக்கம் நீட்டினார்கள். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டான் தம்பி. நானும் படிக்கவில்லை. புடவை வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்கி, முந்தானையை விரித்துப் பார்த்து வாங்குகிறவள் நான்!

பார்க்கும் நேரம் ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை மட்டும். நாங்கள் போகும்போது சித்தி தலை வாரி, பவுடர் பூசி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேன் கண்ணு" என்பார். குரலில் மட்டும் பழைய தெம்பு இல்லை. வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில், ஒரு புதன்கிழமை காலையில் சொல்லாமல் உள்ளே போனேன். வாசலில் இருந்தவர் தடுத்தார். நான் நிற்கவில்லை. சித்தி படுக்கையில் கிடந்தார். அறையில் வாடை. புரட்டிப் பார்த்தால், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இதையும் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்!

பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். இருபது வயதுகூட இருக்காது. அழுதுகொண்டே அவள் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அக்கா, எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க. முன்னாடி கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கிட்டு இருந்தேனுங்க. இங்க வந்த அன்னிக்கே பன்னெண்டு பேரைப் பார்த்துக்கச் சொல்லிட்டாங்க. ராத்திரியில முப்பத்திரண்டு பேருக்கு ரெண்டே பேருங்க."

நோட்டுப் போட்டுப் பார்த்தேன்

அன்றே சித்தியை நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அதுவரை வந்த பில்களை எல்லாம் எழுதிப் பார்த்தேன். மாதாமாதம் ‘டாக்டர் வருகை’ நான்கு முறை. முறைக்கு அறுநூறு ரூபாய். சித்தியைக் கேட்டால், "பொங்கல் முடிஞ்சு ஒருக்கா வந்தாரு. அப்புறம் காணோமே கண்ணு" என்றார். ‘விசேஷக் கவனிப்பு’ மூவாயிரம். என்ன கவனிப்பு என்று எழுதவில்லை. ஒரு நாளைக்கு மூன்று டயப்பர் என்று பில்; அந்தப் பெண் சொன்னது, காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. பாதிப் பணத்துக்கு ரசீதே இல்லை.

பிறகு இன்னொரு கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு பேரும் எங்களைப் போலவே கட்டுவதாக வைத்துக்கொண்டால், மாத வரவு ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம். பகலில் நாலு பேர், ராத்திரியில் இரண்டு பேர். ஆளுக்கு ஒன்பதாயிரம் சம்பளம். மொத்தம் ஐம்பத்துநாலாயிரம். வாடகை, சாப்பாடு, கரண்ட், மருந்து எல்லாம் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், நாம் கொடுக்கிற நூறு ரூபாயில், பெரியவர்களைத் தொட்டுத் தூக்கிக் கழுவிவிடுகிற கைகளுக்குப் போவது பத்து ரூபாய்கூட இல்லை!

அப்போதுதான் புரிந்தது. ‘கவனிப்பு சரியில்லை’ என்பது ஒரு புகார், ‘பணத்தில் குளறுபடி’ என்பது வேறு புகார் என்று பிரித்தே வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். பயிற்சி கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம்தான் சித்தியின் முதுகில் புண்ணாக வந்தது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? அடுத்த வாரமே அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ‘தவறு செய்த ஊழியர் நீக்கப்பட்டார்’ என்று எனக்கு ஒரு கடிதமும் அனுப்பினது இல்லம். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். நான் மனுவில் அவளைப் பற்றித்தான் முதலில் எழுதியிருந்தேன். கணக்கைப் பற்றிக் கடைசிப் பாராவில். வரிசை மாற்றி எழுதியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அவள் மறுபடியும் கோழிப்பண்ணைக்கே போய்விட்டாளாம்.

நமக்குத் தெரிந்த பழைய கதைதான்

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். நாடே பதறியது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கேயும் குடும்பத்தினர் பணம் கொடுத்துத்தான் விட்டிருந்தார்கள். பத்து ஆள் பார்க்கவேண்டிய வேலையை ஒரு சங்கிலி பார்த்தது. சங்கிலிக்குச் சம்பளம் இல்லை, பயிற்சியும் தேவையில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏர்வாடியோடு முடிந்துவிட்டதா? 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்த்த ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் போனால், ஆள் இல்லை. வேறு மாநிலத்தில் உள்ள இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில். அங்கேயும் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகு போலீஸும் அதிகாரிகளும் உள்ளே போனார்கள். முறையான அனுமதி இல்லாமல் நடந்து வந்த இடம் என்று தெரிந்தது. அங்கிருந்து மீட்கப்பட்டவர்கள் 140-க்கும் மேல். கட்டிவைத்தார்கள், அடித்தார்கள், பெண்களிடம் தவறாக நடந்தார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களைப் பற்றிப் புகார் பெருகி, 2018-ல் ராயல் கமிஷன் வைத்தார்கள். 2021-ல் அறிக்கை வந்தது. பிறகு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. ‘அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று உபதேசம் செய்யாமல், நிமிடக் கணக்கில் சட்டம் போட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து, ஓர் இல்லத்தில் சராசரியாக ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்கு 200 நிமிடம் நேரடிக் கவனிப்பு. அதில் 40 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸுடையது. 2024 அக்டோபரில் அது 215 நிமிடமாகவும், நர்ஸின் பங்கு 44 நிமிடமாகவும் ஆனது. நம் சித்திக்குக் கிடைத்தது எத்தனை நிமிடம்? பன்னிரண்டு பேருக்கு ஒரு பெண். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்றால் என்ன?

‘பெரியவங்களைப் பார்த்துக்க என்ன படிப்பு வேணும், மனசு இருந்தாப் போதும்’ என்று நாம் சொல்கிறோம். நானும் சொன்னவள்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தபோதுதான் தெரிந்தது, மனசு மட்டும் போதாது என்று.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், ராத்திரியிலும்தான். குதிகால், இடுப்பு, முதுகுத்தண்டின் கீழ்ப்பாகம் – இந்த இடங்களைத் தினமும் பார்க்கவேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மாறாவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் புண்ணாகாமல் தடுக்கலாம்.

படுத்த வாக்கில் சோறு ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டவேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கவேண்டும். இல்லையென்றால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது; தோள் நழுவிவிடும். இன்சுலின் போட்டால் சாப்பாடு தயாராக இருக்கவேண்டும். மறதி நோய் உள்ளவர் ‘என் புருஷன் எங்கே?’ என்று பத்து முறை கேட்டால், ‘அவர்தான் செத்துட்டாரே’ என்று பத்து முறையும் சொல்லி அழவைக்கக் கூடாது. பேச்சை மெதுவாக மாற்றவேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முறையான படிப்புகள் இருக்கின்றன. நோயாளி உதவியாளர், வீட்டுச் சுகாதார உதவியாளர் என்று அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் முதியோர் பராமரிப்புப் பயிற்சி நடத்துகிறது. இல்லம் நடத்துகிறவர் நினைத்தால் ஆளை அனுப்பலாம். அனுப்பினால் பிறகு சம்பளம் கூட்டிக்கொடுக்கவேண்டும். அங்கேதான் இடிக்கிறது!

சேர்க்கும் முன் கேளுங்கள்

இனி என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறைப் பதிவு. மனநலக் காப்பகம் என்றால் 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையப் பதிவு. மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்றால் 2016 சட்டப்படி பதிவு. சந்தேகமாக இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. ‘டிரெயினிங் ஆன ஆள்’ என்றால் யார், எங்கே படித்தார், சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கட்டாயம் கேளுங்கள். பகலில் ஆள் காட்டுவது சுலபம்.

3. வேலை செய்கிற பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை மாதமாக இருக்கிறாய், என்ன சம்பளம் என்று அன்பாகக் கேளுங்கள். மாதாமாதம் முகம் மாறுகிற இடத்தில் கவனிப்பு இருக்காது.

4. எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ‘ஞாயிறு மூன்று முதல் ஐந்து’ என்றால் யோசியுங்கள்.

5. ஒப்பந்தத்தைப் படியுங்கள். அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பும்? பாதியில் அழைத்துப்போனால்? இறந்துபோனால்? எங்கள் ஒப்பந்தத்தில் ‘மூன்று மாத நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பிடித்தம்’ என்று ஆறாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

6. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. பணமாகக் கொடுக்காமல் பேங்க் மூலம் கட்டுங்கள். டாக்டர் வந்தார் என்றால் அவர் எழுதின சீட்டைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. என்று போட்டிருந்தால் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள்.

7. ‘வீட்டை எழுதிக்கொடுங்கள், ஆயுசுக்கும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யார் சொன்னாலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்க, 2007-ம் வருடத்து பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு வழி கொடுக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது நல்லது.

எங்கே சொல்வது?

14567 என்ற எண் முதியோருக்கான உதவி எண். பணம் இல்லாமல் பேசலாம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலரிடம் நேராகச் சொல்லலாம். அடி, உதை, பூட்டிவைத்தல் என்றால் யோசிக்காமல் போலீஸ்தான்.

பண விஷயத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, நாமக்கல்லிலும் உண்டு. நாம் கட்டின தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்னை நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். நான் அப்படித்தான் போனேன். அட்வான்ஸில் நாற்பதாயிரம்தான் தருவோம் என்று அடம்பிடித்தவர்கள், ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் எண்பத்தையாயிரம் திருப்பிக்கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொடுத்தது என் வாய்ச்சாமர்த்தியம் அல்ல, அந்த நாற்பது பக்க நோட்டும் ரசீதுகளும்தான்.

மனு எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ‘ஆயா சரியில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இத்தனை பேருக்கு இத்தனை ஆள், இந்தப் பயிற்சி இல்லை, இந்தப் பணத்துக்கு ரசீது இல்லை’ என்று ஆரம்பியுங்கள். இல்லையென்றால் கடைசியில் மாட்டிக்கொள்வது நம்மைப் போன்ற இன்னொரு ஏழைப் பெண்தான்.

சித்தி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். புண் ஆற ஐந்து மாதம் ஆனது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தம்பி அனுப்புகிற பணத்தில் பகலுக்கு ஓர் அம்மாவை வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நான் கற்றுக்கொண்டதை அவருக்கு ஒரு வாரம் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தேன். சம்பளமும் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட்டியே பேசினேன். எத்தனை நாளைக்கு எங்களால் முடியும் என்று தெரியாது. எனக்கும் வயதாகிறது. மறுபடியும் ஓர் இல்லம் தேடவேண்டி வரலாம். வந்தால், இந்த முறை நோட்டோடு போவேன்.

போன ஆடிப் பதினெட்டுக்குச் சித்தியால் ஆற்றுக்குப் போகமுடியவில்லை. குடத்தில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினோம். "அங்க இருந்தப்போ ஏன் சித்தி ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "நீங்க போனதுக்கப்புறம் நான் அங்கதானே கண்ணு இருக்கணும்" என்றார்.

சகோதரிகளே, உள்ளே இருப்பவர்கள் புகார் சொல்லமாட்டார்கள். வெளியே இருக்கிற நாம்தான் கேட்கவேண்டும்.

– ஒரு வாசகி, மோகனூர்.